டிரைவிங் டீச்சர் கட்டிலை விட்டு இறங்கினார்

தும்மல் வருவதற்குள் தலையணையை எடுத்து வயிற்றோடு அணைத்துக்கொள்வார் பிரசவ வார்டில் என் பக்கத்துக் கட்டில்காரர். இருமலுக்கும் அதே வைத்தியம்தான். சிரிப்புக்கு மட்டும் முழுத் தடை. அவர் கணவரோ வாயைத் திறந்தாலே கிண்டல் கொட்டும் ஆள். "சும்மா இருங்க. தையல் பிரிஞ்சா நீங்களா வந்து தைப்பீங்க?" என்று ஒரு அதட்டல் போட்டார். அதன்பின் அந்த மனிதர் ஆரஞ்சு உரிப்பதோடு சரி.

கட்டில்காரர் கார் ஓட்டக் கற்றுத்தரும் டீச்சர். நடுரோட்டில் வண்டி நின்றுபோய், பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்தாலும், "அவன் அடிக்கட்டும், நீங்க பதறாதீங்க" என்று சொல்லிப் பழகிய குரல். சிசேரியனுக்கு மறுநாள் காலை நர்ஸ் வந்து "எழுந்து நடங்கம்மா" என்றதும் அந்தக் குரல் கம்மிப்போனது.

"கிழிச்சுத் தச்ச வயிறு சிஸ்டர். நாளைக்குப் பாக்கலாமே."

"பச்சை உடம்பு, படுத்தே கிடக்கட்டும்" என்று அவருடைய அம்மாவும் ஒத்து ஊதினார்.

"படுத்தே கிடந்தா கால்ல ரத்தம் கட்டிக்கும்மா. மெதுவா நடந்தா தையல் ஒண்ணும் பிரியாது" என்றார் நர்ஸ். டீச்சர் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார்.

மகள் எடை குறைவாகப் பிறந்ததால், வராந்தாக் கோடி அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தாள். பார்த்துவிட்டு வந்த கணவரிடம், "மூக்கு யாரு மாதிரி?" என்று கேட்டார் டீச்சர்.

"சொன்னா நீ சிரிப்பே. அப்புறம் தையல் பிரிஞ்சா என்னைத் திட்டக் கூடாது."

போர்வை விலகியது.

நர்ஸ் சொன்னபடி ஒருக்களித்து, முழங்கையை ஊன்றி, கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்தார். எழுந்ததும் தலை சுற்றியது, தொப்பென்று உட்கார்ந்துவிட்டார்.

"என்ன டீச்சர், வண்டி ஆஃப் ஆயிடுச்சா?" என்றேன். முறைத்தார். அந்தக் கோபத்திலேயே மறுபடி எழுந்து, நர்ஸின் தோளைப் பிடித்துக்கொண்டு, கூனியபடி கிளம்பினார். வழியெல்லாம் ஒரே கேள்விதான்: "பிரியலையே சிஸ்டர்? நல்லாப் பாருங்க!" கட்டு காய்ந்தே இருந்தது. சுவரைப் பிடித்தபடி நானும் பின்னாலேயே போனேன். என் வயிற்றிலும் தையல்தான். துணைக்கு ஆள் கிடைத்தால் விடுவேனா?

பெட்டியின் துளை வழியே நீட்டிய விரலை மகள் இறுகப் பற்றிக்கொண்டாள். நர்ஸ் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். டீச்சர் திரும்பிப் பார்த்தார். கூடவே வந்திருந்த கணவர் கண் கலங்கி, கால்கள் வெடவெடக்க நின்றுகொண்டிருந்தார். மகளிடமிருந்து விரலை எடுக்காமலே, நாற்காலியைக் காலால் மெல்ல அவர் பக்கம் தள்ளினார் டீச்சர்.