பூகம்பத்துக்குக் கொடுத்த சேலையைத் தேடி அரியலூர் போனது

பூகம்பம் பார்க்கப் போனாயாமே, என்ன பார்த்தாய் என்று கேட்டுக்கொண்டு வந்து நிற்கிறீர்களே, உங்களுக்கு வேறு சோலி இல்லையா? ஊர் இடிந்த கதை என்றால் இத்தனை பேருக்குக் காது நீள்கிறது. அடுப்பில் வைத்தது தீய்கிறதா என்று போய்ப் பாருங்கள். போகமாட்டீர்கள். சொல்லித் தொலைக்கிறேன். நான் பீகாருக்குப் போகவில்லை. அரியலூருக்குத்தான் போனேன். போக வர எண்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. இதைக் கேட்டுவிட்டு இவ்வளவுதானா என்று மூஞ்சியைச் சுளிக்கக் கூடாது.

எண்பத்தெட்டாம் வருஷம் ஆவணியில் வடக்கே பீகார் பக்கம் பூமி ஆடியது. ரேடியோவில் சொன்னார்கள். டீக்கடைப் பேப்பரில் படம் வந்தது. இடிந்த சுவரின் மேல் ஒருத்தி பிள்ளையை இடுக்கிக்கொண்டு நின்றாள். அடுத்த வாரமே எங்கள் ஊருக்கு ஒரு ஜீப் மைக் கட்டிக்கொண்டு வந்தது. வீட்டுக்கு ஒரு துணி கொடுங்கள், கிழியாததாக, வெளுத்ததாகக் கொடுங்கள் என்றது. எங்கள் ஊர் எறையூர் ஆலைக்குக் கரும்பு வண்டி போகிற பாதையில் இருக்கிறது. பெரம்பலூருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர். மைக்கு எங்கள் ஊருக்கு வந்தால் ஒன்று ஓட்டுக்காக வரும், இல்லையென்றால் சினிமாவுக்காக வரும். கேட்டு வாங்கிப் போக வந்தது அதுதான் முதல் தடவை.

துணி என்றால் எங்கள் தெருவில் அஞ்சலைதான். ஊருக்கே துணி வெளுப்பவள். முப்பது வீட்டுத் துணியையும் அவளே வாங்கி, இரண்டு நாள் ஏரியில் வெளுத்து, பெட்டி போட்டு, ஒரே மூட்டையாகக் கட்டி ஜீப்பில் ஏற்றினாள். கூலி கேட்கவில்லை. ஜீப்காரர்கள் சீட்டு எதுவும் கொடுக்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

அதுதான் வினையாகப் போயிற்று. புரட்டாசி பிறந்த வாரம் எதிர்வீட்டுக் குஞ்சம்மாள் அரியலூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்தாள். வந்ததும் வராததுமாகத் தெருவைக் கூட்டினாள். அரியலூர் பஸ் ஸ்டாண்டில் பூ விற்கிறவள் ஒருத்தி, இவள் பூகம்பத்துக்குக் கொடுத்த மஞ்சள் சேலையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளாம். முந்தானை ஓரத்தில் இவள் வீட்டுக் குறியே இருந்ததாம். துணி மாறாமல் இருக்க வீட்டுக்கொரு குறி, சேங்கொட்டைப் பாலில் அஞ்சலை வைப்பாள். எத்தனை வெளுத்தாலும் போகாது. குஞ்சம்மாள் வீட்டுக்கு இரண்டு புள்ளியும் கீழே ஒரு கொக்கியும்.

அஞ்சலை விற்றுவிட்டாள் என்று தெரு முடிவு கட்டிவிட்டது. சர்க்கார் மேல் சந்தேகம் வந்தால் எங்கே போய்க் கேட்பது? அஞ்சலை மேல் வந்தால் தெருமுனையில் நிறுத்திக் கேட்கலாம். அஞ்சு நாளாக ஒரு வீட்டிலும் அவளுக்கு அழுக்குத் துணி போடவில்லை. இரண்டு வீட்டில் வேறூர் ஆளைக் கூப்பிட்டு வரவும் பேசிவிட்டார்கள். அந்த ஆள் வந்துவிட்டால் அஞ்சலைக்கு இந்த ஊரில் பிழைப்பு கிடையாது.

எனக்கும் அவள் மேல் சந்தேகம் இல்லாமல் இல்லை. எனக்கு எல்லார் மேலும் உண்டு. அதனால்தான் அவளையே கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

சனிக்கிழமை காலை ஆறு மணி பஸ். பெரம்பலூருக்கு ஒன்றேகால் ரூபாய். ஏழு மணிக்குப் பெரம்பலூர். ஆளுக்கொரு டீ குடித்துவிட்டு அரியலூர் பஸ்ஸில் ஏறினால் நிற்க இடமில்லை. புரட்டாசிச் சனிக்கிழமை, கல்லங்குறிச்சிப் பெருமாளுக்குப் போகிற கூட்டம் நாமம் போட்டுக்கொண்டு ஜன்னல் வழியாகவும் ஏறுகிறது. டிக்கெட் மூன்று ரூபாய். நான் கண்டக்டரிடம், பூகம்பத்துக்குக் கொடுத்த துணியைத் தேடிப் போகிறேன், அரை டிக்கெட் உண்டா என்று கேட்டேன்.

“தேடி என்னா ஆவப் போவுது ஆயா? உங்க சேலை இந்நேரம் இந்தி பேசிக்கிட்டு இருக்கும்” என்றார்.

பஸ் சிரித்தது. அதோடு வாயும் திறந்துகொண்டது. பேரளி தாண்டுவதற்குள் பூகம்பத்தைப் பற்றி ஆளுக்கொன்று சொல்லிவிட்டார்கள். செத்தவர்கள் எத்தனை என்று ரேடியோ சொன்னதைப் போல இரண்டு பங்கு இருக்கும் என்றார் ஒருவர். அனுப்புகிற கம்பளி எல்லாம் வழியிலேயே இறங்கிவிடும் என்றார் இன்னொருவர். எந்த ஊரில் இறங்கும் என்று கேட்டேன், அதைச் சொன்னால் வம்பு என்று கண்ணை மூடிக்கொண்டார். அரியலூருக்கு அந்தப் பக்கம் சுண்ணாம்புக்கல் வெட்டப் போகிற ஒருவர், வெடி வைக்கும்போது தன் வீட்டுப் பானை தினமும்தான் ஆடுகிறது, அதை யாரும் ரேடியோவில் சொல்வதில்லை என்றார். மடியில் பேப்பர் வைத்திருந்தவர், மந்திரிகள் ஹெலிகாப்டரில் போய்ப் பார்த்தார்களே, அது பெரிய காரியமில்லையா என்று கேட்டார்.

துளசிக்கூடையோடு நின்ற அம்மாள் ஒருத்தி அவரைத் திரும்பிப் பார்த்தாள். “மேலேருந்து பார்த்தா வூடு இடிஞ்சது தெரியுங்க. வவுறு காயுறது தெரியுமா?”

அதற்குப் பிறகு அவர் பேப்பரை மடித்துவிட்டார். அஞ்சலை மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாயே திறக்கவில்லை. விற்றவளாக இருந்தால் இவ்வளவு நேரத்தில் ஏதாவது சாக்குச் சொல்லியிருப்பாள் என்று நினைத்தேன். பிறகு, கெட்டிக்காரியாக இருந்தால் சொல்லமாட்டாள் என்றும் நினைத்தேன்.

எட்டே முக்காலுக்கு அரியலூர். பஸ் ஸ்டாண்டில் பூக்காரியைத் தேட வேண்டியதே இல்லை. மஞ்சள் சேலை, சிவப்புக் கரை, குஞ்சம்மாள் சொன்ன இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். நான் ஒரு முழம் கதம்பம் கேட்டேன். முழம் சிறிசாக இருக்கிறது என்று வம்பு வளர்த்து, கிட்டே உட்கார்ந்து, முந்தானை நல்ல நூலாக இருக்கிறதே என்று கையில் எடுத்தேன். வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள்.

“என்னாங்க இது, போன வாரமும் ஒரு பொம்பள இப்படித்தான் முந்தானையப் புடிச்சு இழுத்தா. திருடின்னு சத்தம் போட்டேன், கல்யாண வூட்டுக்குள்ள ஓடிட்டா.”

குஞ்சம்மாள் இதை எங்களிடம் சொல்லவே இல்லை. எனக்கு வந்த சிரிப்பை வெற்றிலையோடு மென்றுகொண்டு, விஷயத்தைச் சொன்னேன். பூக்காரி நல்லவள். முந்தானையை விரித்துக் காட்டினாள். இரண்டு புள்ளி, கீழே கொக்கி. அதே குறி. சரி, அஞ்சலைதான் விற்றிருக்கிறாள், வந்த வழியே திரும்ப வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

அஞ்சலை குனிந்து அந்தக் கொக்கியைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தாள். விரலால் தடவினாள். பிறகு பூக்காரியைக் கேட்டாள்: “உங்களுக்கு எந்த ஊருங்க? துணி யாரு வெளுக்குறது?”

“கல்லங்குறிச்சி. மாரிமுத்துன்னு ஒருத்தரு.”

அஞ்சலை முந்தானையை என் பக்கம் திருப்பினாள். மாரிமுத்து அவள் கூடப்பிறந்த அண்ணன். “எங்கப்பன் எங்க ரெண்டு பேருக்கும் அதே முப்பது குறிதான் ஆயா சொல்லிக் குடுத்தாரு. அண்ணன் கல்லங்குறிச்சில முப்பது வூட்டுக்கு வெச்சிருக்காரு, நான் நம்மூருல முப்பது வூட்டுக்கு வெச்சிருக்கேன். பாருங்க, கொக்கி எந்தப் பக்கம் திரும்புது? எங்கண்ணன் நொட்டாங்கைக்காரரு.”

கொக்கி இடப்பக்கம் திரும்பியிருந்தது. என் சேலையைப் புரட்டிப் பார்த்தேன். அஞ்சலை எனக்கு வைக்கிற குறியிலும் கொக்கி உண்டு, அது வலப்பக்கம். பூக்காரி அந்தச் சேலையைப் போன தீபாவளிக்குக் கடையில் எடுத்தாளாம். குஞ்சம்மாளும் அப்போதுதான் எடுத்தாள். அந்த வருஷம் எந்தக் கடையில் பார்த்தாலும் அந்த மஞ்சள்தான்.

அஞ்சலைக்கு அது போதும். ஊருக்குப் போகலாம் என்றாள். எனக்குப் போதவில்லை. குறி திரும்பின பக்கத்தை வைத்துக்கொண்டு குஞ்சம்மாளிடம் பேச முடியுமா? இது அவளுடையது இல்லையென்றால் அவளுடையது எங்கே என்று கேட்பாளே. பெரம்பலூரில் ரயில் கிடையாது, ஜீப்பில் போன மூட்டைகள் ரயிலேற அரியலூருக்குத்தான் வந்திருக்க வேண்டும். நடந்தோம்.

ரயிலடிக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு தகரக் கொட்டகை. யாரோ வாடகைக்கு எடுத்தது. எந்த ஆபீஸ் என்று காவல்காரருக்கே தெரியவில்லை. பூகம்பத் துணியா, எல்லாம் அப்போதே அனுப்பியாயிற்று என்றார். கதவு பூட்டியிருந்தது. போன துணிக்குப் பூட்டு எதற்கு? நான் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, மூட்டையில் தெரியாமல் என் வீட்டுக்காரருடைய சாவுக் காகிதம் போய்விட்டது, அது இல்லாமல் கிழவிக்குப் பென்ஷன் கிடையாது என்று சொன்னேன். என் வீட்டுக்காரருக்கு எந்தக் காகிதமும் இருந்ததில்லை. காவல்காரர் இரக்கப்பட்டு, யாரிடமும் சொல்லக்கூடாது என்று சொல்லிக் கதவைத் திறந்தார்.

கூரை வரை மூட்டை. ஊர்ப் பேர் எழுதின அட்டை ஒவ்வொன்றிலும் தொங்குகிறது. நாற்பது இருக்கும். ஒரு பக்கம் கூரை ஒழுகி அடியில் இருந்தவை ஊறிப் போயிருந்தன. எலி உள்ளே குடும்பமே நடத்துகிறது. வண்டி கிடைக்கவில்லை என்றார் காவல்காரர். பிறகு, வண்டி வந்தது, காகிதத்தில் ஒரு கையெழுத்து இல்லை என்றார். பிறகு, பழைய துணி வேண்டாம் என்று அங்கேயே சொல்லிவிட்டார்களாம் என்றார். மூன்றில் எதை நம்புவது என்று கேட்டேன். “எனக்கு மூணையும் சொல்லச் சொன்னாங்க ஆயா” என்றார்.

எங்கள் ஊர் மூட்டை நடுவில் இருந்தது, அதிலும் ஈரம் ஏறியிருந்தது. அஞ்சலை போட்ட முடிச்சு அவிழவே இல்லை. அவளே அவிழ்த்தாள். நாலாவது மடிப்பில் குஞ்சம்மாளின் மஞ்சள் சேலை. இரண்டு புள்ளி, வலப்பக்கக் கொக்கி. நான் அதை உருவி இடுப்பில் சொருகிக்கொண்டேன். காவல்காரர் டீ வாங்கத் திரும்பிய நேரம் அது. அஞ்சலை என் கையைப் பிடித்தாள்.

“வைங்க ஆயா.”

“அடியே, இதைக் காட்டுனாத்தான்டி உன்னைய நம்புவாளுங்க.”

“இதை எடுத்துட்டுப் போனா அவங்க சொன்னது நெசமாயிடும். குடுத்தது குடுத்ததுதான். அங்க ஒருத்தி கட்டிக்கப் போற சேலை.”

சேலையை என் இடுப்பிலிருந்து அவளே உருவினாள். அதோடு விட்டாளா? ஈரத்தோடு கிடந்தால் இற்றுப்போகும் என்று, எங்கள் மூட்டையையும் நனைந்திருந்த மூன்று வேற்றூர் மூட்டையையும் வெளியே இழுத்துப் போட்டு, தண்டவாள வேலியில் காயவைத்தாள். காவல்காரர் வேண்டாம் வேண்டாம் என்று கொஞ்ச நேரம் சொல்லிவிட்டு, ஒரு முனையைப் பிடித்து உதறினார். இங்கே இருந்தது என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுங்கள் என்று அவரிடம் கேட்டேன். எழுதினால் தன் வேலை போய்விடும் என்றார். நாங்கள் மடித்துக் கட்டி முடிக்கும்போது மணி இரண்டரை. அந்தத் துணி இனியாவது போகுமா என்று அஞ்சலை கேட்டாள். அவர் ரயில் வருகிற திசையைப் பார்த்தார்.

மூன்று மணி பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. அஞ்சலை தூங்கிவிட்டாள். எனக்குத் தூக்கம் வரவில்லை. சேலையும் இல்லை, சீட்டும் இல்லை. இருப்பது என் வாய் ஒன்று. தெருவில் என் வாயை எவளும் நம்பமாட்டாள். போன மாசம்தான் பால்காரர் மாட்டுக்கு இரட்டைக் கன்று என்று சொல்லிப் பத்துப் பேரைத் தொழுவத்துக்கு ஓட விட்டிருந்தேன். அஞ்சலை நல்லவள் என்று நான் போய்ச் சொன்னால், எவ்வளவு கொடுத்தாள் என்று கேட்பார்கள். பெரம்பலூரில் பஸ் மாறும்வரை இதையே நினைத்துக்கொண்டு வந்தேன். அந்தப் பேப்பர் படத்தில் நின்றவள் என்ன கட்டியிருக்கிறாளோ என்பதும் நடுநடுவே வந்தது.

ஐந்தரை மணிக்கு ஊர். குழாயடியில் தெருவே நின்றது. குஞ்சம்மாள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, பீகாருக்குப் போய் வந்தாயிற்றா என்று கேட்டாள். நான் அஞ்சலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பூக்காரியைப் பற்றியும் பேசவில்லை.

“நம்ம துணி ஒண்ணுகூடப் போவலடி. ரயிலடிக் கொட்டாயில போட்டுப் பூட்டி வெச்சிருக்கானுங்க. ஒன் மஞ்சச் சேலை மேலதான் எலி குட்டி போட்டிருக்கு. சர்க்காரு அனுப்பவே இல்ல” என்றேன்.

எலி அந்தச் சேலைக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. சாட்சி கேட்பார்கள் என்று காத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை. அப்போதே தெரியும் என்றாள் ஒருத்தி. ஜீப்காரன் முழியே சரியில்லை என்றாள் இன்னொருத்தி. நான் அன்றைக்கே சொன்னேனே என்றாள் குஞ்சம்மாள். யாரைச் சொன்னாள் என்பதே அவளுக்கு மறந்துவிட்டது. சொல்லிக்கொண்டே திண்டில் கிடந்த அழுக்குத் துணியைச் சுருட்டி அஞ்சலை கையில் கொடுத்தாள். எத்தனை மூட்டை கிடக்கிறது என்று மட்டும் கேட்டார்கள். நான் பார்த்தது நாற்பது. நானூறு என்றேன். அதையும் நம்பினார்கள்.