சின்ன எழுத்தில் கோழி

என் அக்கா வீட்டுக்காரரை அச்சகத்தில் 'புள்ளி' என்றுதான் கூப்பிடுவார்கள். மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து ஒரு மெல்லிய காகிதம் வைத்திருப்பார்களே, யாரும் பிரித்துப் பார்க்காமல் குப்பையில் போடுவது, அதை அச்சடிக்கிற இடம் அது. முப்பத்தொரு வருடமாக அங்கே பிழை திருத்துகிறார். ஒருமுறை குழந்தைகளின் இருமல் மருந்துக்கான காகிதத்தில் 2.5 மில்லி என்பதில் புள்ளி விழுந்துபோய் 25 ஆகிவிட்டது. இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போது அதைப் பார்த்துவிட்டு, விழுந்தடித்து ஓடிப்போய்ச் சிவப்புப் பொத்தானை அமுக்கினார். எத்தனையோ பிள்ளைகள் தப்பித்தன, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அன்றைக்குப் பிறகு அவருக்கு உலகத்தில் மற்ற எல்லோரும் கண்ணிருந்தும் குருடர்கள் ஆகிவிட்டார்கள்.

வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடச் சொன்னால் அதில் பதினான்கு பிழைகளைச் சிவப்பு மையில் வட்டமிட்டு வீட்டு உரிமையாளரிடமே திருப்பிக் கொடுப்பார். பேருந்தில் ஏறினால் பலகையைப் படித்துவிட்டு நடத்துநரிடம் சண்டை. நான் மெத்தைக் கடையில் வண்டி ஓட்டுகிறவன். என் வண்டியின் பக்கவாட்டில் 'நிம்மதியான உரக்கம்' என்று எழுதியிருப்பதைப் பார்த்ததிலிருந்து என்னை 'உரக்கம்' என்றுதான் அழைப்பார். "எழுதினவன் தப்பு. அத மூணு வருஷமா ஓட்டிட்டுத் திரியிறவன் அதவிடத் தப்பு" என்பார். அக்காவுக்காக நான் வாயை மூடிக்கொண்டிருப்பேன்.

இப்படிப்பட்ட மனுஷன் வீட்டுக்கு நாய் வந்தது. மூன்றாவது மாடியில் குடியிருந்தவர்கள், "ரெண்டே ரெண்டு நாள் பாத்துக்கங்க" என்று அக்காவிடம் விட்டுப் போனார்கள். போனவர்கள் போனவர்கள்தான். வயதான, பழுப்பு நிற நாய். முன்னங்கால்களை மடித்து நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்தால் மனு வாங்கிக்கொள்ளக் காத்திருப்பதுபோல இருக்கும். அதனால் 'மந்திரி' என்று பெயராயிற்று. மாமா முதலில் முகம் கொடுக்கவில்லை. இரண்டு மாதத்தில், அவர் வீட்டில் உரக்கப் படித்துப் பிழை பார்க்கும்போது எதிரே உட்கார்ந்து கடைசி வரிவரை கேட்கிற ஒரே ஜீவன் அதுதான் என்று கண்டுகொண்டார். அதற்குப் பிறகு மந்திரிக்கு எதுவும் குறைவில்லை, வயிற்றைத் தவிர.

அந்த வயிறு எதையும் வைத்துக்கொள்ளவில்லை. தின்றால் இரண்டு மணி நேரத்தில் கூடத்தில் ஒரு குளம். சில நாள் பேதி, சில நாள் வாந்தி, சில நாள் இரண்டும். அக்கா வாளியும் துணியுமாகவே அலைந்தாள். கால்நடை மருத்துவர் ஒரு பெண்மணி. ரத்தம், மலம் எல்லாம் சோதித்துப் பார்த்துவிட்டு, பூச்சியும் இல்லை, கிருமியும் இல்லை என்றார்.

"கோழி ஒத்துக்காத மாதிரி தெரியுது. எட்டு வாரம் கோழி வாடையே படாத சாப்பாடு குடுங்க. ஒரே வகைக் கறி, வேற எதுவும் வாயில வைக்கக் கூடாது. என்கிட்ட இதுக்குன்னே வர்ற பை இருக்கு. விலைதான் ஜாஸ்தி."

விலையைக் கேட்டதும் மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பத்து நாள் பை ஒன்றின் விலைக்கு அக்காவும் அவரும் ஒரு மாதம் சாப்பிடலாம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இதுதான்.

"வெளியில கம்மியா கெடைச்சா வாங்குங்க. ஆனா சீட்டப் படிக்காம வாங்காதீங்க" என்றார் டாக்டரம்மா. மீனுக்கு நீந்தச் சொல்லிக்கொடுத்த மாதிரிதான்.

அடுத்த சனிக்கிழமை என் வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டார். சட்டைப் பையில் அச்சகத்து லென்ஸ். முதலில் போனது நாய்களுக்கென்றே நடத்துகிற கண்ணாடிக் கடை. குளிர்சாதனம் ஓடுகிறது. நாய்க்கு மழைச்சட்டை, நாய்க்குப் பிறந்தநாள் கேக், நாய் சோர்ந்துபோனால் சாய்ந்துகொள்ள சோபா. அந்த சோபா எங்கள் கடை மெத்தையைவிட விலை கூடுதல். கழுத்தில் அட்டை மாட்டிய ஒரு பெண் ஓடி வந்தாள்.

"பப்பிக்கா சார், அடல்ட்டுக்கா, சீனியருக்கா?"

"நாய்க்கு."

அவள் சிரிப்பதா வேண்டாமா என்று என்னைப் பார்த்தாள். நான் விஷயத்தைச் சொன்னேன். உடனே ஒரு பையை எடுத்து வந்தாள். பச்சைப் புல்வெளியில் வெள்ளை ஆட்டுக்குட்டி ஒன்று நம்மைப் பார்த்துச் சிரிக்கிறது. அதைத்தான் தின்னப் போகிறோம் என்பதை நினைத்தால் எந்த நாய்க்கும் தொண்டையில் இறங்காது.

"சென்சிடிவ் ஸ்டமக்குக்குன்னே ஸ்பெஷலா பண்ணது சார். ப்யூர் லேம்ப்."

மாமா பையைத் திருப்பினார். ஆட்டுக்குட்டி குப்புற விழுந்தது. பின்பக்கத்தில் எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. லென்ஸை வைத்து, அச்சகத்தில் படிப்பதுபோல உரக்கப் படிக்க ஆரம்பித்தார். கடையே திரும்பிப் பார்த்தது.

"ஆட்டிறைச்சி நாலு சதவீதம். சோளம். கோதும. அப்புறம்… ஏழாவது வரி, பறவை இறைச்சித் தூள். ஒம்பதாவது வரி, கோழிக்கொழுப்பு. ஏம்மா, இது ஆடா கோழியா?"

"அது டேஸ்ட்டுக்குச் சேக்கிறது சார்."

"அப்ப ஆடு எதுக்கு, படத்துக்கா?"

மேலாளர் வந்தார். சந்தன நிறக் கோட்டு, வாய் நிறையப் பல். "சார், இத்தன வருஷத்துல ஒரு கஸ்டமர்கூட பையத் திருப்பிப் பின்னாடி படிச்சதில்ல" என்றார், ஏதோ எங்களுக்கு நற்சான்று கொடுப்பதுபோல.

"அத நம்பித்தான கடையே நடத்துறீங்க" என்றார் மாமா.

நாங்களாக வெளியே வந்தோமா, அவர்களாக அனுப்பினார்களா என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டிருந்தவர் மேலாளர். அவ்வளவுதான் சொல்ல முடியும்.

அன்றைக்கு மட்டும் ஐந்து கடை. வாத்துப் படம் போட்ட பையில் கோழி. மீன் படம் போட்ட பையில் கோழி. 'இயற்கை' என்று தங்க எழுத்தில் பொறித்த பையில் கோழியோடு சர்க்கரையும். ஒரு பையில் 'மருத்துவர்கள் பரிந்துரைப்பது' என்று எழுதியிருந்தது. எந்த மருத்துவர் என்று மாமா கேட்டதற்குக் கடைக்காரர் தன் கைப்பேசியை எடுத்து யாரோ கூப்பிட்டதுபோலப் பேசிக்கொண்டே உள்ளே போய்விட்டார். எல்லாம் பழைய கள், புதிய மொந்தை. மாமா திட்டிக்கொண்டே வந்தார். நானும்தான் திட்டினேன். வாழ்க்கையில் முதன்முறையாக நாங்கள் இருவரும் ஒரே பக்கம் நின்ற நாள் அது.

கடைசியில் வழி காட்டியவர் எங்கள் மெத்தைக் கிடங்கின் காவல்காரர். ஊருக்கு வெளியே மாட்டுத் தீவன மண்டி ஒன்று இருக்கிறது, கிடங்கு நாய்களுக்கு அங்கேதான் வாங்குகிறோம் என்றார். போனோம். தவிடும் புண்ணாக்கும் மலையாகக் கிடக்க, நடுவில் பனியனோடு மண்டிக்காரர். ஒரு மூலையைக் காட்டினார். சாம்பல் நிறக் காகித மூட்டை. படம் இல்லை, பளபளப்பு இல்லை.

"நாய்ச் சாப்பாடுதானா? ஒரு நாய்ப் படம்கூட இல்லையே?" என்றேன் நான்.

"அதத் திங்கப் போறது நாய். அதுக்கு எதுக்கு நாய்ப் படம்?" என்றார் மண்டிக்காரர்.

மூட்டையின் வாயோடு சேர்த்து ஒரு சீட்டுத் தைத்திருந்தது. கலந்திருக்கிற பொருள்கள் மொத்தம் ஆறு வரி. மீன், உருளைக்கிழங்கு, அரிசி, மீன் எண்ணெய், உப்புச் சத்துகள், வைட்டமின்கள். மாமா மூன்று முறை படித்தார். 'உருளைக்கிலங்கு' என்று இருந்தது. அதைக்கூட மன்னித்தார். சீட்டில் இருந்த எண்ணுக்கு அங்கேயே போன் போட்டு, இதே இயந்திரத்தில் கோழி அரைப்பீர்களா என்று விசாரித்தார். அந்த ஆலையில் மீனைத் தவிர வேறு கறி எதுவும் வருவதில்லையாம். சீட்டை அறுத்துக்கொண்டுபோய் டாக்டரம்மாவிடம் காட்டினோம். அவர் படித்துப் பார்த்து, "முழு உணவுன்னு போட்டிருக்கு, எல்லாச் சத்தும் இருக்கு. தாராளமா குடுங்க" என்றார். விலையோ, டாக்டரம்மாவின் பத்து நாள் பை விலைக்கு இங்கே இரண்டு மாத மூட்டை.

மாமா ஒரு வாரம் தரையில் நடக்கவில்லை. அச்சகத்தில் எல்லோரிடமும் சொன்னார். "படிக்கத் தெரிஞ்சவன எவனும் ஏமாத்த முடியாது" என்பது பல்லவி.

மூன்றாவது வாரம். மந்திரிக்குக் கொஞ்சம் தேவலை. ஆனால் முழுதாக நிற்கவில்லை. காலையில் நன்றாக இருக்கும், மதியம் கூடத்தில் குளம். சீட்டில் தப்பில்லை என்று அவரே சான்று கொடுத்துவிட்டாரே, அப்படியென்றால் தப்பு மனுஷர்களிடம்தான் இருக்க வேண்டும். முதலில் என்னைப் பிடித்தார். என் வண்டியில் பிஸ்கட் துகள் கிடந்ததாம். பிறகு அக்காவை.

"நீ எதையோ போடுற. உன் சாப்பாட்டுலேருந்து ஏதோ போடுற."

"நான் எதுவும் போடல."

"உனக்குப் படிச்சாலும் புரியாது, சொன்னாலும் புரியாது."

அக்கா கையில் இருந்த துணியை வாளியில் போட்டாள். அதற்குப் பிறகு பதினோரு நாள் அவரோடு பேசவில்லை. தட்டை வைப்பாள், எடுப்பாள். அவரும் வீம்புக்குப் பேசவில்லை. ஒரு விடுமுறை நாளில் காலையிலிருந்து மாலைவரை நாற்காலியைப் போட்டு, நாயையும் பெண்டாட்டியையும் காவல் காத்தார். ஐம்பத்தெட்டு வயது மனுஷன்! பார்க்கிற எனக்கே கூச்சமாக இருந்தது. அன்றைக்கும் மதியம் குளம்தான்.

திரும்பவும் டாக்டரம்மாவிடம் போனோம். அக்கா வரவில்லை. டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மாத்திர ஏதும் குடுக்கிறீங்களா?" என்றார்.

"மூட்டு வலிக்கு ஒண்ணு. டெய்லி காலையில, என் கையாலதான் குடுப்பேன்."

"எந்த மாத்திர? காட்டுங்க."

பையிலிருந்து பெட்டியை எடுத்து நீட்டினார். டாக்டரம்மா அதைத் திறந்து உள்ளே இருந்த காகிதத்தை உருவி, பிரிக்காமல் மாமாவிடமே கொடுத்தார். "உங்க கண்ணாடிதான் நல்ல கண்ணாடி. என்னென்ன கலந்திருக்குன்னு படிங்க."

மாமா பிரித்தார். உரக்கப் படித்தார். மருந்தின் பெயர், அளவு, மாவுப்பொருள், நிறம். பிறகு குரல் நின்றுவிட்டது. நான் எட்டிப் பார்த்தேன். 'சுவைக்காக: கோழி ஈரல் தூள்.' அடியில், மடிப்பு ஓரத்தில், எங்கள் ஊர் அச்சகத்தின் குறியீடும், அதற்குப் பக்கத்தில் சரிபார்த்தவரின் எண்ணும் இருந்தன. அந்த எண் யாருடையது என்று எனக்குத் தெரியும். அவருடைய சாப்பாட்டுப் பாத்திரத்தில்கூட அதைத்தான் பொறித்து வைத்திருக்கிறார்.

முகத்தில் ஈயாடவில்லை. காகிதத்தைத் திரும்ப எட்டாக மடித்துக்கொண்டே சொன்னார்: "இது நான் பாத்தது. எழுத்துப் பிழ ஒண்ணும் இல்ல."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. வேறு மாத்திரை எழுதிக் கொடுத்தார், சுவையில்லாதது.

வண்டியில் வரும்போது என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "என்ன மாமா, படிக்கத் தெரிஞ்சவன எவனும் ஏமாத்த முடியாதாமே?" என்றேன்.

"சரிபாக்கிறது வேற, படிக்கிறது வேற" என்றார் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு. பிறகு, "முப்பத்தொரு வருஷம்" என்றார். எனக்கு அதற்கு மேல் கிண்டல் செய்ய மனம் வரவில்லை. வந்தது, ஆனால் அடக்கிக்கொண்டேன்.

வீட்டுக்குள் போனதும் நேரே சமையலறை வாசலில் நின்றார். அக்கா முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் கழுவினாள்.

"நான்தான் குடுத்திருக்கேன்" என்றார்.

"என்னது?"

"கோழி. மாத்திரையில இருந்திருக்கு. நீ ஒண்ணும் பண்ணல."

அக்கா குழாயை மூடினாள். "நான் ஒண்ணும் பண்ணலன்னு எனக்குத் தெரியாதா? அதச் சொல்லத்தான் டாக்டர் வேண்டியிருந்துச்சா?" என்றாள். மூலையில் இருந்த வாளியைக் காலால் அவர் பக்கம் தள்ளினாள். "இனிமே இது உங்க வேல."

அவர் எடுத்துக்கொண்டார். நல்லவேளை, அதற்கு நிறைய வேலை இருக்கவில்லை. மாத்திரை மாற்றிய ஆறாவது நாள் மந்திரியின் வயிற்றுப்போக்கு நின்றது. எட்டு வாரம் முடிந்தபோது உடம்பு தேறி, முடி மினுங்கி, உண்மையிலேயே பதவியேற்ற மாதிரி உட்கார்ந்திருந்தது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மண்டியிலிருந்து மூட்டையை நான்தான் ஏற்றி வருகிறேன்.

போன மாதம் குடியிருப்புச் சங்கத்துச் செயலாளர் என்னைப் படிக்கட்டில் மறித்தார். அவரிடம் பஞ்சுமூட்டை மாதிரி ஒரு வெள்ளை நாய், அதற்கும் வயிறு சரியில்லையாம். கண்ணாடிக் கடையில் மாதாமாதம் கொட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தவர். டாக்டரம்மாவே இந்தத் தீவனத்தைச் சொல்லியிருக்கிறார்.

"எனக்கும் ஒரு மூட்ட எடுத்துட்டு வாங்க தம்பி" என்றவர் குரலைத் தாழ்த்தினார். "ஆனா அப்படியே தூக்கிட்டு வராதீங்க. பழைய ஆட்டுக்குட்டிப் பை வச்சிருக்கேன். அதுல கொட்டிக் குடுத்திருங்க. நாலு பேர் பாப்பாங்க."

மேலே நின்றிருந்த மாமாவுக்கு இது காதில் விழுந்துவிட்டது. கைப்பிடியில் சாய்ந்துகொண்டு, "கொட்டிக் குடுடா உரக்கம். அவருக்கு வேண்டியது படம், நாய்க்கு வேண்டியது மீன். ரெண்டும் கெடைச்ச மாதிரி இருக்கும்" என்றார்.