ஓட்டியார் பஸ்ஸில் போன சனிக்கிழமை

நாலாம் வகுப்பில் எங்களுக்குத் தமிழ் படிப்பித்த ரீச்சர், ஒரு வெள்ளிக்கிழமை கடைசிப் பாடத்தில் வீட்டுவேலை ஒன்று தந்தார். சனியும் ஞாயிறும் எப்படிக் கழிந்தன என்று நேரத்தோடு எழுதி வரவேண்டும். திங்கட்கிழமை வகுப்பின் முன்னால் நின்று வாசிக்க வேண்டும். "நடந்ததை நடந்தபடி எழுதவேணும். வெட்டிக் கொத்தி எழுதினால் புள்ளி குறைப்பன்" என்றும் எச்சரித்தார். எதையும் நேரம் பார்த்துக் குறித்துவைக்கும் என் பழக்கம் அன்றைக்குத் தொடங்கியதுதான். அந்தக் கொப்பி இப்போதும் என்னிடம் இருக்கிறது. ஆகவே கீழே வரும் நேரங்களை ஞாபகத்திலிருந்து சொல்கிறேன் என்று யாரும் நினைக்கவேண்டாம்.

அப்பா மயிலிட்டியில் ஒரு படகின் ஓட்டி. சுக்கான் அவர் கையில். அவருக்குக் கீழே இஞ்சின்காரரோடு சேர்த்து நாலு பேர். நிலவு காலத்தில் மீன்பாடு குறைவு என்பதால் அந்தச் சனி ஞாயிறு அவர் கடலுக்குப் போகவில்லை. வீட்டுவேலைக்கு எழுத ஏதாவது வேண்டுமே என்று நான் அழுததில், யாழ்ப்பாணம் போய்க் கடைத்தொகுதியின் நகரும் படியில் ஏறி, கோட்டை பார்த்து, ஐஸ்கிரீம் குடித்து வருவது என்று அம்மா தீர்மானித்தார்.

"மோட்டச்சைக்கிளிலை போவம்" என்றார் அப்பா.

"நாலு பேரோ? தம்பியை ஆர் தலையிலை வைக்கிறது? பஸ்ஸிலைதான் போறம்."

அப்பா முற்றத்துக்குப் போய் வானத்தைப் பார்த்தார். காற்று சரியில்லை என்றார். பஸ்ஸுக்குக் காற்று எதற்கு என்று அம்மா கேட்டார்.

காலை எட்டுப் பத்துக்குப் பஸ் புறப்பட்டது. அப்பா யன்னலோரம் இருந்து, முன் இருக்கையின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். தெல்லிப்பழையில் அவர் கதைப்பதை நிறுத்தினார். எட்டு முப்பத்தொன்றுக்கு, மல்லாகத்தில், யன்னலுக்கு வெளியே தலையை நீட்டிச் சத்தி எடுத்தார்.

"அண்ணை, தலையை உள்ளுக்கை எடுங்கோ! பின்னாலை லொறி வருது" என்று கொண்டக்டர் கத்தினார்.

நான் கொப்பியை விரித்தேன். எட்டு நாற்பத்தாறு, மருதனார்மடம், இரண்டாம் தரம். எட்டு ஐம்பத்தெட்டு, கொக்குவில், மூன்றாம் தரம்; இம்முறை அம்மா ஷொப்பிங் பையை ஆயத்தமாக வைத்திருந்தார். எட்டு மாதத் தம்பி அம்மாவின் மடியில் இருந்து, குலுங்கக் குலுங்கச் சிரித்துக்கொண்டு வந்தான்.

"கடலிலை உங்களுக்கு ஒண்டும் செய்யாதே அப்பா?" என்று நான் கேட்டேன். பஸ்ஸில் எல்லோருக்கும் கேட்டிருக்கும்.

"கடல் மணக்காது பிள்ளை. உது டீசல்."

"கலியாணத்தண்டே மாப்பிளை வானிலை ஏறாமல் சைக்கிள் ஓடிக்கொண்டு வந்த மனுசன்" என்றார் அம்மா. "எளிமையான குணம் எண்டெல்லோ நான் நினைச்சனான்."

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் இறங்கியதும் அப்பா ஐந்து நிமிடம் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். நகரும் படியில் நான் நாலு தரம் ஏறினேன். அவர் கீழேயே நின்று கையசைத்தார். கோட்டை மதிலில் ஏறி, பண்ணைக் கடலிலிருந்து காற்று வந்தபோதுதான் அவருடைய முகத்தில் பழைய நிறம் வந்தது. அதுவரை என் கொப்பியைப் பற்றி அவர் யோசித்திருக்கவில்லை.

"என்ன பிள்ளை எழுதிறாய்?"

"வீட்டுவேலை. திங்கக்கிழமை வாசிக்கோணும்."

வாங்கிப் பார்த்தார். அவர் முகம் மறுபடியும் கொக்குவிலுக்குப் போய்விட்டது.

"உதுகளையுமோ எழுதினனி? இஞ்சின்காரன்ரை பெட்டை உன்ரை வகுப்பெல்லே?"

"ஓம். எனக்குப் பக்கத்திலை."

"வெட்டு."

"வெட்டினால் புள்ளி குறைப்பினம்."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா கடலைப் பார்த்தார். அம்மாவின் தோள்கள் குலுங்கியது காற்றாலே என்று நான் நினைத்தேன்.

பேரம் ஐஸ்கிரீம் கடையில் நடந்தது. அப்பா புதுக் கொப்பி ஒன்று வாங்கித் தருவார். நான் ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் அதில் திருப்பி எழுதுவேன். திருப்பி எழுதும்போது மூன்று வரிகள் விடுபடும். விடுபடும் வரி ஒவ்வொன்றுக்கும் ஒரு கப் ஐஸ்கிரீம்.

"மல்லாகத்துக்கு வனிலா" என்றேன். "மருதனார்மடத்துக்குச் சொக்லேட். கொக்குவிலுக்கு மேலை முந்திரிப்பருப்புப் போட்டது."

"கொக்குவில் என்னத்துக்குக் கூட?"

"அதுதான் பெரிசு."

அப்பா ஒன்றும் குடிக்கவில்லை. திரும்பிப் போவதற்கும் அதே பஸ்தான் என்பது அவருக்கு ஞாபகம் இருந்தது. எனக்கு இருக்கவில்லை. பின்னேரம் நாலு இருபதுக்கு, சுன்னாகத்தில், மூன்று ஐஸ்கிரீமும் வந்த வழியே போயின. அப்பா ஒரு கையால் என் நெற்றியைத் தாங்கிக்கொண்டு, மறு கையால் தன் பங்குக்கு ஒரு பையைப் பிடித்திருந்தார்.

"இதையும் எழுதன் பிள்ளை" என்றார், மூச்சு வந்ததும்.

இதற்கு யாரும் எனக்கு ஐஸ்கிரீம் தரப்போவதில்லை. ஆனாலும் எழுதாமல் விட்டுவிடுவது என்று முடிவு செய்தேன்.

ஞாயிறு முழுவதும் புதுக் கொப்பியில் எழுதினேன். மூன்று வரிகளையும் எடுத்தபின் பஸ் பயணம் மிகவும் குட்டையாகிவிட்டது. தெல்லிப்பழைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நடுவே ஒன்றுமே நடக்காத மாதிரி இருந்தது. ரீச்சர் கட்டாயம் சந்தேகப்படுவார் என்று பட்டது. ஆகவே அந்த இடத்தில், அழகான கையெழுத்தில், ஒரு வரி சேர்த்தேன். அப்பாவிடம் காட்டவில்லை, இதைப் பார்த்தால் சந்தோஷப்படுவார், திங்கட்கிழமை சொல்லலாம் என்று இருந்தேன்.

திங்கட்கிழமை வகுப்பின் முன்னால் நின்று உரத்து வாசித்தேன்: "காலை எட்டுப் பத்துக்குப் பஸ் புறப்பட்டது. வழியில் அப்பா ஒரு தரமும் சத்தி எடுக்கவில்லை. நாங்கள் சுகமாக யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தோம்."

ரீச்சர் கொப்பியால் முகத்தை மறைத்துக்கொண்டார். இஞ்சின்காரரின் மகள் மட்டும் சிரிக்கவில்லை. அவள் அந்த வரியை வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பாடமாக்குவதை நான் கண்டேன். என் தமிழ் அவளுக்குப் பிடித்துவிட்டது என்று பெருமையாக இருந்தது. எனக்குப் பத்துக்கு ஒன்பது கிடைத்தது.

எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு; நான் அதை அறிந்தது நாலைந்து வருடம் கழித்து. தொழிலுக்குப் புதிதாக வந்தவன் முதல் நாள் கடலில் சத்தி எடுத்தால், கரைக்கு வந்ததும் எல்லோருக்கும் முன்னால் ஓட்டி அவன் கையில் ஒரு தேசிக்காயை வைப்பார். எலுமிச்சைதான்; மணந்தால் குமட்டல் நிற்கும். சிரிப்புத்தான் மூன்று மாதத்துக்கு நிற்காது. அப்பா தன் காலத்தில் நிறையப் பேருக்கு அப்படிக் கொடுத்திருக்கிறார், இஞ்சின்காரருக்கும்.

செவ்வாய்க்கிழமை காலை அப்பா கரையிலிருந்து வந்தபோது சேட்டுப் பொக்கற் புடைத்திருந்தது. தேசிக்காய்களை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார். அம்மா சீலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு குசினிக்குள் ஓடினார். அப்பா என்னைப் பார்த்தார். பிறகு அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. என் தலையில் கையை வைத்து ஆட்டிவிட்டுக் குளிக்கப் போனார்.

படகில் நாலு பேர்தானே, பிறகெப்படி இத்தனை என்று எண்ணிப் பார்த்தேன். பழைய கொப்பியில், அன்றைய நாளின் கீழ், இப்படி எழுதியிருக்கிறேன்: "காலை ஆறு ஐம்பது. அப்பாவுக்குத் தேசிக்காய் ஏழு கிடைத்தது. காரணம் தெரியவில்லை. அப்பாவைக் கரையில் எல்லோருக்கும் நல்ல விருப்பம் போல."