நெல் சுமந்த கார்ச்சில்லு

துருவில் ஊறிப்போன இரும்பை மண்ணெண்ணெய் விட்டுத் தேய்க்கும்போது எழும் வாடை மூக்கை விட நாக்கில்தான் முதலில் ஏறும். பழைய பூட்டுத் திறப்பு ஒன்றை வாயில் போட்டுச் சப்பியதுபோல அன்று முழுவதும் சோற்றிலும் தண்ணீரிலும் அதே சுவைதான். துருவை எங்கள் பக்கத்தில் "கறள்" என்போம். என் பன்னிரண்டாம் வயதில் ஒரு வேளாண்மை வெட்டுக் காலம் முழுவதும் நான் கறள் தின்றுகொண்டுதான் இருந்தேன்.

சண்டைக்குப் பயந்து முகாமிலும் உறவினர் வீடுகளிலும் இருந்துவிட்டு நாங்கள் தன்னாமுனைக்குத் திரும்பியபோது வீட்டுக்குக் கூரை இல்லை. வேப்பமரத்தடியில் அப்பாவின் மொறிஸ் மைனர் கார் மட்டும் நின்றது. அவர் அதை வாடகைக்கு, "ஹயர்" ஓடித்தான் எங்களை வளர்த்தார். சக்கரத்தை நாங்கள் "சில்லு" என்போம்; முன்சில்லு இரண்டும் மண்ணுக்குள் புதைந்திருந்தன. பின்சில்லு இரண்டையும் யாரோ கழற்றிப்போய்விட்டார்கள். ஆனால் கழற்றியவர் காரின் பின்பக்கம் நிலத்தில் இடிக்காதபடி இரண்டு கருங்கல்லை அடுக்கிவிட்டுத்தான் போயிருந்தார். "கள்ளன் எண்டாலும் கார் தெரிஞ்ச கள்ளன்" என்றார் அப்பா.

அவர் கட்டாருக்கு வேலைக்குப் போவதாக இருந்தது. ஏஜென்சிக்காரர் இரண்டு தரம் வீட்டுக்கு வந்து, வெட்டுக்காலம் முடிவதற்குள் முடிவு சொல்லச் சொல்லிவிட்டுப் போனார். அம்மாவுக்கு அதில் துளியும் விருப்பமில்லை; போனவர்கள் சிலர் திரும்பாததை அவர் முகாமில் பார்த்திருந்தார். ஒரு நாள் காலையில் தேங்காய்ப் பொச்சையும் மண்ணெண்ணெய்ப் போத்தலையும் என் கையில் தந்து, தானும் சேலையைச் செருகிக்கொண்டு கார்க் கதவைத் தேய்க்கத் தொடங்கினார். அந்தத் தவணை நான் பள்ளிக்கூடம் போகவில்லை. பிறகு போனபோதும் மனம் ஒட்டவில்லை.

முதல் கிழமை ஏழு நாளும் செய்த வேலை வீணாகிப் போனது. அம்மா வாவிக்கரை மணலை அள்ளிவந்து தேய்த்து, வாவித் தண்ணீரிலேயே கழுவியும் விட்டார். பளபளத்த கதவு மறுநாள் விடியும்போது செம்பருத்திப் பூவைப்போலச் சிவந்திருந்தது. வாவித் தண்ணீரின் உப்பு தன் வேலையைச் செய்துவிட்டது. அப்பா நல்ல தண்ணீரோடு கிணற்று வாளியை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தார். அதுவரை கட்டார்ப் பேச்சே பேசிக்கொண்டிருந்தவர் அன்று முதல் எங்களோடு குந்திக்கொண்டார். கறள் தின்ற "மட்காட்" ஓட்டைகளை பிஸ்கட் பேணித் தகட்டை வெட்டி அடைத்தோம். நெளிந்த இடத்தில் உள்ளே மணல் மூட்டையைக் கொடுத்து வெளியே மரச்சுத்தியலால் தட்டினார். புதைந்த சில்லுகளைத் தோண்டி எடுத்து, வளையங்களைச் சுரண்டி, வீட்டு யன்னலுக்கு வாங்கிய பூச்சையே அதற்கும் அடித்தோம். யன்னல் பூச்சில்லாமல் நின்றது.

பின்சில்லுதான் கிடைக்கவில்லை. அப்போதுதான் பஸ் கொண்டக்டர் ஒருவர் அப்பாவிடம், "அண்ணன், உங்கட சில்லு கிரான்ல நெல்லுச் சுமக்குது, உங்களவிட நல்லா உழைக்குது" என்று சிரித்தார். அப்பா தன் சில்லுகளின் உள்பக்கத்துக்கு, மாதா கோயில் கதவுக்கு அடித்து மிஞ்சிய நீலத்தைச் சண்டைக்கு முன்பே பூசியிருந்தார். அந்த நீலத்தைத்தான் கொண்டக்டர் ஒரு மாட்டு வண்டியில் கண்டிருந்தார்.

நானும் அப்பாவும் கிரான் ஊர் வயல் வட்டைக்குப் போனோம். நெற்கதிரைச் சூடு மிதிக்கும் களத்தின் ஓரத்தில் வண்டி நின்றது, நீலம் தெரிந்தது. அப்பா நேரே களத்துக்குள் ஏறினார். "இது என்ட சில்லு. கழட்டித் தாங்க. இது இல்லாட்டி எனக்குப் பிழைப்பு இல்ல."

களத்தில் எல்லாக் கைகளும் நின்றன. எங்களுக்கு வயல் கிடையாது; களத்துக்கென்று ஒரு பேச்சு இருப்பது எங்களுக்குத் தெரியாது. அங்கே நெல்லை நெல் என்று சொல்வதில்லை, "பொலி" என்பார்கள். இல்லை, போதும், கழற்று என்று குறையைக் காட்டும் எந்தச் சொல்லும் வாயில் வரக்கூடாது. வந்தால் விளைச்சல் போய்விடும் என்று நம்பினார்கள். அப்பா ஒரே மூச்சில் இரண்டு "இல்லை"யும் ஒரு "கழற்று"ம் சொல்லியிருந்தார்.

அந்த வண்டியின் சொந்தக்காரர், வயல் செய்யும் வயதான கமக்காரர், அப்பாவின் கையைப் பிடித்து வரம்பு தாண்டி அழைத்துவந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன்.

"தம்பி, களத்துக்குள்ள நிண்டு ஆராவது 'இல்ல' எண்டு சொல்லுவாங்களா? சில்லு உங்கடதுதான். கல்லு வெச்சிட்டுத்தான் எடுத்த நான். ஆனா பொலி வீடு போய்ச் சேருமட்டும் வண்டி நிக்கப்படாது. நானே கொண்டுவாறன்."

"எப்ப?"

"வரக்குள்ள வருவன்."

அம்மா இதை நம்பவில்லை. கையில் ஒட்டியிருந்த பூச்சை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தபடி, "சில்லு வராட்டி நீங்க பிளேன் ஏறுங்க, நான் மறிக்கல. வந்தா, நம்மட கட்டார் இந்தக் கார்தான்" என்றார். சொல்லிவிட்டு மறுபடியும் தேய்த்தார். சில்லு வராத காருக்கு நாங்கள் கடைசிப் பூச்சும் அடித்து முடித்தோம். ஏஜென்சிக்காரர் மூன்றாம் தரமும் வந்து, காரைச் சுற்றிப் பார்த்து, "நல்ல வடிவா இருக்கு, கூரை இல்லாத வீட்டுல வெச்சுப் பாத்துக்கொண்டிருக்கலாம்" என்றார். அடுத்த திங்கட்கிழமை பாஸ்போட்டோடு வருவதாக அப்பா அவரிடம் ஒத்துக்கொண்டார்.

ஞாயிறு பூசை முடிந்து வரும்போது எங்கள் வாசலில் இரண்டு மாடுகள் வேப்பங்குழை தின்றுகொண்டிருந்தன. கமக்காரர் வண்டிக்குக் கீழே படுத்திருந்தார். எழும்பி, முற்றத்தை ஒரு தரம் சுற்றிப் பார்த்தார்.

"இது களமில்லத்தானே. இப்ப சொல்லுங்க."

"கழட்டுங்க" என்றார் அப்பா.

சில்லு இரண்டும் காருக்கு ஏறின. மிஞ்சிய இரண்டு கருங்கல்லும் வண்டிக்குக் கீழே போயின. வண்டி அங்கே நிற்க, மாடுகளை அம்மா பார்த்துக்கொள்ள, அப்பா தன் முதல் ஹயராகக் கமக்காரரைக் கிரானுக்கு ஏற்றிப்போனார். திங்கட்கிழமை அவர் எங்கும் போகவில்லை.

வளர்ந்த பிறகு கட்டார் போனது நான்தான். கொழும்பு, வவுனியா, இன்னும் எங்கெங்கோ. இப்போது திரும்பிவந்து அதே வேப்பமரத்தடியில் அதே காரைத் தேய்க்கிறேன். அப்பா, அம்மா இல்லை. கிரானில் மெசின் வெட்டி, மெசினே தூற்றி, நெல் வயலிலிருந்தே லொறி ஏறுகிறது. களமும் இல்லை, அங்கே பேசக்கூடாத சொல்லும் இல்லை. நேற்றுப் பக்கத்து வீட்டுக்காரர் வேலியால் எட்டிப்பார்த்து, இந்தக் கறளுக்கு இனி முடிவே இல்லையா என்று கேட்டார். வாய் வரை வந்த "இல்லை"யை விழுங்கிவிட்டு, கிணற்று வாளியை இழுத்து வைத்துக்கொண்டேன்.