பிரேசர் டவுனில் பூசணிச்சாறு

சனிக்கிழமை காலை ஏழே முக்காலுக்குக் காட்பாடியில் ரயில் ஏறினேன். உட்காரும் வகுப்புச் சீட்டு, நூற்றுப்பத்து ரூபாய். ஜன்னலோரம் கிடைத்தும் வெளியே பார்க்கத் தெம்பில்லை. நான் பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை செய்கிறேன். அந்த வாரம் முழுக்க மாணவர் சேர்க்கை. பேசிப் பேசித் தொண்டை கட்டியிருந்தது. பெங்களூர் போயும் பேசத்தான் வேண்டும்.

முந்தின நாள் சாயங்காலம் ரோசி அண்ணி போனில் அழுதார். "உங்க அண்ணன் சுகர் மாத்திரைய நிறுத்தி ரெண்டு மாசம் ஆவுதாம், எங்கிட்ட சொல்லவே இல்ல. கால்ல புண்ணு வந்து ஆறாம கெடக்குது. பார்க்ல பூசணிக்காய் ஜூஸ் குடிச்சா போதும்னு யாரோ சொன்னாங்களாம். நான் கேட்டா எரிஞ்சு விழறாரு. நீ வந்து சொல்லும்மா."

செல்வராஜ் எனக்கு ஒரே அண்ணன். இருவரும் பிறந்தது கோலார் தங்கவயலில். அப்பா சுரங்கத்தில் வேலை செய்தார். அண்ணன் இருபது வயதில் பெங்களூர் வந்து, ஒரே தொழிற்சாலையில் லேத் ஓட்டி, நான்கு வருடம் முன்பு ஓய்வு பெற்றார். எதையும் அளந்து பார்க்காமல் நம்பாத மனிதர். அவரா என்று எனக்குத் திகைப்பாக இருந்தது.

ஜோலார்பேட்டை தாண்டி வண்டி மேட்டில் ஏறத் தொடங்கியதும் காற்று மாறியது. அண்ணியிடம் நான் போனில் பேசுவதைக் கேட்ட எதிர்சீட்டு அம்மாள், "வெந்தயத்த ஊற வெச்சு வெறும் வயித்துல குடுங்க" என்றார். பக்கத்தில் இருந்த பெரியவருக்கு அது பிடிக்கவில்லை. ஆவாரம்பூதான் என்றார். குப்பம் வரைக்கும் இருவரும் வாதாடினார்கள். இருவருக்கும் சர்க்கரை கிடையாது என்பது பங்காருப்பேட்டையில்தான் தெரிந்தது.

பழைய ஆட்கள் இன்னும் தண்டு என்றே சொல்லும் கன்டோன்மென்ட் நிலையத்தில் இறங்கும்போது மணி பன்னிரண்டு. பிரேசர் டவுனுக்கு மூன்று கிலோமீட்டர் இருக்கும். ஆட்டோக்காரர் நூறு கேட்டார். பேரம் பேச மனமில்லாமல் ஏறிக்கொண்டேன்.

அண்ணன் இளைத்திருந்தார். ஆனால் முகத்தில் ஒரு களை. நான் பை வைப்பதற்குள், "அண்ணி வரச் சொன்னாளா?" என்றார்.

"கால காட்டுண்ணா."

"ஒண்ணுமில்ல பாப்பா. செருப்பு கடிச்சது."

இடது குதிகாலில் கட்டு. அண்ணி அவிழ்த்துக் காட்டினார். ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு ஈரமான புண், ஓரமெல்லாம் கறுத்திருந்தது. அப்பாவுக்கு இப்படித்தான் ஆரம்பித்து விரல்களை எடுத்தார்கள். அதைச் சொன்னேன். டாக்டர் சொன்னது, படித்தது, பயம், கோபம் எல்லாவற்றையும் சொன்னேன். சாப்பாடு ஆறிப்போனது.

"மாத்திரை உடம்பைக் கெடுக்குது பாப்பா. எங்க குரூப்ல இருபது பேரு. எல்லாரும் நல்லாத்தான இருக்கறாங்க? நாளைக்கு வந்து பாரு, அப்புறம் பேசு." அதோடு டிவியைப் போட்டுவிட்டார்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு அவரோடு கிளம்பினேன். பூங்கா ஐந்து நிமிட நடை. அண்ணன் நொண்டியதால் கால் மணி நேரமானது. வாசலில் தள்ளுவண்டியில் வெண்பூசணியை நறுக்கிப் பிழிந்து விற்றார்கள், டம்ளர் முப்பது ரூபாய். வரிசை நின்றிருந்தது. ஓட வந்தவர்கள் சிலர் என்ன விற்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் வரிசையில் நின்றுவிட்டுப் பிறகு விசாரித்தார்கள்.

அண்ணனைக் கண்டதும் உள்ளேயிருந்து, "பன்னி பன்னி, செல்வராஜ்!" என்று ஒரு குரல். பன்னி என்றால் கன்னடத்தில் வாங்க. கூப்பிட்டவர் பிரபாகர், இன்ஷூரன்ஸ் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், இந்தக் கூட்டத்தைச் சேர்த்தவர். நேற்று ஏன் லேட், பேத்திக்குக் காய்ச்சல் விட்டதா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார். என்னிடமும் கேட்டார். ரயிலில் கூட்டமா, தூங்கினீர்களா என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தார். அந்த வாரத்தில் என்னிடம் அப்படிக் கேட்ட முதல் ஆள் அவர்தான். சண்டை போடத் தயாராக வந்தவள், அவர் டம்ளரை நீட்டியதும் வாங்கிக் குடித்துவிட்டேன். தண்ணீரில் பச்சை வாசனை கலந்த மாதிரி இருந்தது. அவ்வளவுதான்.

அண்ணன் நடுவில் நின்று ஏதோ சொல்ல, நாலு பேர் சிரித்தார்கள். அவர் சொல்லி ஆட்கள் சிரித்து நான் பார்த்து எத்தனையோ நாளாயிற்று.

பெஞ்சில் என் பக்கத்தில் ஜுபைதா என்ற அம்மாள் உட்கார்ந்தார். அறுபது வயதிருக்கும், பிரேசர் டவுனிலேயே பிறந்தவர். இந்தச் சாற்றில் உங்களுக்குச் சர்க்கரை குறைந்ததா என்று கேட்டேன்.

"சுகர் எங்க கொறையுது? மாத்திர போடறேன், அதனால கன்ட்ரோல்ல இருக்கு."

"மாத்திரை போடறீங்களா?"

"அரே, போடாம? இங்க எல்லாரும் போடறாங்க. ஜூஸ் சும்னே, சும்மா குடிக்கறது. போன வருஷம் கோதுமைப்புல்லு குடிச்சோம். அதுக்கு முன்ன கை தட்டற பயிற்சி. எதா இருந்தா என்னம்மா, நாங்க அதே ஆளுங்கதான? வீட்ல உக்காந்தா யாரு பேசறாங்க?"

நான் அண்ணன் புண்ணைப் பற்றிச் சொன்னேன். ஜுபைதா யோசிக்கவே இல்லை. எழுந்து சத்தமாகக் கேட்டுவிட்டார். "செல்வராஜ் பாய், நீங்க மாத்திர போடறது இல்லையா? நாங்க எல்லாம் போடறோமே!"

கூட்டம் திரும்பிப் பார்த்தது. பிரபாகர், "நான் ஸ்வல்ப ஸ்வல்பமா கொறையும்னுதான சொன்னேன்? நிறுத்தச் சொன்னேனா?" என்றார். அவர் எப்படிச் சொன்னாரோ எனக்குத் தெரியாது. யாரோ ஒருவர், "நானும் காலையில போட்டுட்டுத்தான் வந்தேன்" என்றார். இன்னொருவர் சிரித்தார். கெட்ட எண்ணத்தில் இல்லை. ஆனால் அண்ணன் முகம் சுருங்கிப் போனதைப் பார்த்தேன். இருபது பேரில் அதை முழுசாக நம்பியவர் அவர் ஒருவர்தான்.

அண்ணன் நொண்டிக்கொண்டே வீட்டுக்கு நடந்தார். நான் பின்னாலேயே போனேன். எனக்கு வேண்டியது நடந்துவிட்டது. ஆனால் அது இப்படி நடந்திருக்க வேண்டாம்.

பத்து மணிக்குச் சட்டை மாற்றிக்கொண்டு வெளியே வந்தார். "எந்த டாக்டருன்னு சொல்லு, போலாம்."

தெருமுனை நர்சிங் ஹோமில் ஞாயிறன்றும் டாக்டர் இருந்தார். சர்க்கரை முந்நூற்றைத் தாண்டியிருந்தது. புண் எலும்புவரை போகவில்லை, இன்னும் இரண்டு வாரம் விட்டிருந்தால் சொல்வதற்கில்லை என்றார். புண்ணைச் சுத்தம் செய்தபோது அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார். மாத்திரை எழுதினார்கள். புண் ஆறும்வரை நடக்கக் கூடாது.

மத்தியானம் முழுக்க அவர் அறையை விட்டு வரவில்லை. சாயங்காலம் ஜுபைதாவும் பிரபாகரும் வந்தார்கள். அண்ணன் எழவில்லை. ஜுபைதா கூடத்தில் உட்கார்ந்து, கதவைப் பார்த்துப் பேசினார். "நானு அப்படி எல்லாரு முன்னாலயும் கேட்டிருக்கக் கூடாது. தப்புதான் பாய். வந்து திட்டுங்க."

பிறகு அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். "டாக்டரு நடக்கக் கூடாதுன்னுட்டாரு."

"உங்கள நடக்கச் சொன்னது யாரு?" என்றார் பிரபாகர். "ஆட்டோல வந்து பெஞ்சுல உக்காருங்க. மாத்திரைய போட்டுட்டு வாங்க." கடைசி வாக்கியத்தை அவர் தரையைப் பார்த்துச் சொன்னார்.

அண்ணி எல்லோருக்கும் டீ போட்டார். சர்க்கரை இல்லாமல் அண்ணனுக்குத் தனி டம்ளர்.

மக்கள் ஏன் இதையெல்லாம் நம்புகிறார்கள் என்று வரும் வழியெல்லாம் எரிச்சலோடு யோசித்திருந்தேன். பெரும்பாலோர் நம்புவதே இல்லை போலிருக்கிறது. நாளைக்கும் வருவீங்களா என்று ஒருவர் கேட்கிறார். அதற்காக எதையும் குடிக்கிறார்கள். அண்ணனுக்கு நான் சொன்ன காரணங்கள் எல்லாம் சரிதான். ஆனால் பிரபாகரைப் போல நாளைக்கு வாங்க என்று என்னால் சொல்ல முடியாது. நான் காட்பாடியில் இருக்கிறேன்.

திங்கட்கிழமை காலை ரயிலுக்கு அண்ணிதான் ஸ்டேஷன் வரை வந்தார். அண்ணன் மாத்திரை போட்டுக்கொண்டு, கட்டுப்போட்ட காலோடு, ஐந்தே முக்காலுக்கே பூங்காவுக்கு ஆட்டோ பிடித்துப் போய்விட்டார். என்னிடம் சொல்லிக்கொள்ளக்கூட மறந்துபோனார்.

அண்ணிக்குக் கோபம். "உனக்காக ஒரு நாள் இருந்திருக்கக் கூடாதா?"

"இருக்கட்டும் அண்ணி" என்றேன். மனதாரத்தான் சொன்னேன். வண்டி நகர்ந்ததும் தலையை ஜன்னல் கம்பியில் சாய்த்தேன். ஜோலார்பேட்டையில் வெயில் முகத்தில் அடிக்கும்வரை விழிப்பு வரவில்லை.