என் கணக்கில் மட்டும் ஓடிய மென்பொருள்

கண்டியில் ஆய்வாளர்கள் பலர் பங்குபோட்டுப் பாவிக்கும் ஒரு கணினிக் கூட்டத்துக்கு, கிளஸ்டர் என்போம் அதை, நான்தான் பொறுப்பு. கேட்கிற மென்பொருளை நிறுவிக் கொடுப்பது உத்தியோகம். கேட்டவர்களைப் பகிடி பண்ணுவது சம்பளமில்லாத மேலதிக வேலை.

ஹேவாஹெட்டத் தோட்டப் பக்கத்திலிருந்து வந்த ஆய்வு மாணவி ஒருத்தி, மழை பெய்தால் எந்த மலைச்சரிவு இடியும் என்று கணிக்கும் மென்பொருளைக் கேட்டாள். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயன்களுக்கு மேலேயுள்ள சரிவுகள் எல்லாவற்றையும் கணித்து, தன் கருத்தரங்கில் காட்ட வேண்டும். அதற்கு முன் மின்சார வேலைக்காகக் கிளஸ்டரை மூடப்போகிறார்கள். நிறுவி, என் பயனர் கணக்கில் ஓட்டிப் பார்த்தேன். அருமையாக ஓடியது. அவள் கணக்கில் தொடங்கியவுடனேயே செத்தது.

“அண்ணே, இன்னிக்கும் நின்னு போச்சு.”

“எனக்கு ஓடுதே தங்கச்சி! உம்மட கைராசிதான் போல.”

அவள் வரவர என் பகிடியும் வளர்ந்தது. ‘மலை சரியமுதல் மென்பொருள் சரியுது’ என்று வட்ஸ்அப் குழுவிலும் போட்டேன். அவளும் ஒரு சிரிப்பு முகம் அனுப்பினாள். அதைப் பாராட்டென்று எடுத்துக்கொண்ட மடையன் நான்.

கடைசியில், பிழை அவளுடையதுதான் என்று நிரூபிக்க, சக மாணவர்கள் பார்க்க, பெரிய திரையில் என் கணக்கைத் திறந்து ஓட்டிக்காட்டினேன். ஓடியது. நாடகக்காரன் மாதிரிக் குனிந்து வணக்கமும் வைத்தேன்.

“அண்ணே, உங்க கணக்கு தொறக்கையில தானாவே என்னென்ன ஏறுதுன்னு காட்டுங்களேன்,” என்றாள்.

காட்டினேன். நான் உள்ளே வரும்போதெல்லாம் புதிய கம்பைலரை ஏற்றச்சொல்லும் வரி, எப்போதோ என் வசதிக்காக நானே எழுதியது, திரை நிறையத் தெரிந்தது. நிரலைக் கணினிக்கு விளங்கும்படி மாற்றும் கருவிதான் கம்பைலர். மற்றவர்களுக்குக் கிடைப்பது பழையது. புதியதால் கட்டிய மென்பொருள் பழையதன் துணைக்கோப்புகளோடு ஒத்துப்போகாது. ஊருக்கென்று சட்டை தைத்து, என் உடம்பிலேயே அளவு பார்த்திருக்கிறேன்.

“அப்ப எம்மேல பிழையில்லீங்களா?”

“இல்ல. என்ர பிழை.” காது இரண்டும் சுட்டன.

அன்றே பழைய கம்பைலரால் மறுபடி கட்டினேன். ஓடியது. ஆனால் கிளஸ்டர் மூடுமுன் ஒரேயொரு சரிவின் கணிப்புத்தான் முடிந்தது.

கருத்தரங்கில் பேராசிரியர் கேட்டார்: “மற்ற சரிவெல்லாம் எங்க?”

“நேரம் போதலைங்க சார். என்னோட திட்டமிடல் பத்தல.” என் பக்கம் அவள் திரும்பவேயில்லை.

பேராசிரியர் உதட்டைப் பிதுக்கினார். பின்கதிரையிலிருந்து எழும்பினேன். “சேர், அது என்ர பிழை. மென்பொருளைப் பிழையாக் கட்டினது நான்தான்.”

மண்டபம் சிரித்தது. பேராசிரியரும் சிரித்தார். “உம்மட பகிடியத் தேத்தண்ணி நேரத்துக்கு வையும் ஐசே.”

அவள் மட்டும் சிரிக்கவில்லை. பகிடியில்லை சேர் என்று இன்னொருமுறை சொல்லியிருக்கலாம். நான் மறுபடி கதிரையில் இருந்துவிட்டேன்.