சோளக்கொல்லைக்குப் போன கேஸ்கட்

எங்கள் டீசல் பம்புசெட்டில் கரி சுரண்டுவதற்காக என் வீட்டுக்காரர் எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றினார். அதற்கு அடியில் கசிவை அடைக்க இருந்த கேஸ்கட் மாட்டி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. செம்புத் தகடு போர்த்தியது, பளபளவென்று இருந்தது. "ஒருக்கா இறுக்குனா நசுங்கிடும்ண்ணே, மறுபடி போட்டா அடைக்காது" என்று மெக்கானிக் முன்பே சொல்லியிருந்தார். "புதுசு மாதிரி இருக்கு, இதையா தூக்கி எறியச் சொல்றான்?" என்று இவர் அதையே வைத்து நட்டுகளை முறுக்கினார்.

எஞ்சின் ஓடத் தொடங்கியதுமே ஹெட்டின் இடுக்கிலிருந்து தண்ணீரும் புகையும் சீறி, அவர் போட்டிருந்த வெள்ளைச் சட்டையைக் கரியாக்கின. வந்த சிரிப்பை அடக்க நான் முயலவே இல்லை. அவர் அதே சட்டையோடு, புது கேஸ்கட் வாங்க அரியலூர் பஸ் ஏறினார்.

பழையதை நான் சோளக்கொல்லை நடுவே ஒரு கம்பில் கட்டித் தொங்கவிட்டேன். அது காற்றில் சுழன்று மின்னியதில் ஒரு கிளிகூட இறங்கவில்லை. "மறுபடி ஆவாதுன்னு யாருங்க சொன்னது?" என்று அவரிடம் கேட்டேன்.

அடுத்த தடவை ஹெட்டைக் கழற்றியதும், கேஸ்கட்டை நேரே என்னிடம் நீட்டினார்.

"இந்தா புள்ள, இது கம்பங்கொல்லைக்கு."